ஸ்டான்லியின் வண்டியில் எரிந்த சிவப்பு விளக்கு

வெள்ளம் வடிந்த பிறகு, குளத்தங்கரை உடைமுள் மரத்தில் கொம்பு மாட்டிக்கொண்ட கிடாய் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த ஸ்டான்லியின் பைக்கை நாலு பேர் சேர்ந்து இறக்கிக் கொண்டுவந்து அவனுடைய அப்பா வேதமுத்துவின் ஒர்க்‌ஷாப் முன்னால் நிறுத்தியபோது, அதில் சாவி இல்லை, சீட் இல்லை, டேங்கில் பெட்ரோலுக்குப் பதிலாகச் சேறு இருந்தது, ஓட்டிப்போனவனும் இல்லை. ஆனால் மீட்டர் போர்டின் மூலையில், என்ஜினில் ஏதோ கோளாறு என்று சொல்வதற்காக வைத்திருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வேதமுத்து அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே முத்தன்விளையில் வண்டி பார்க்கிறவர் அவர். எரியக் கூடாத விளக்கு எரிந்தால் எங்கேயோ கோளாறு இருக்கிறது, கோளாறு இருந்தால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது, இடம் என்று ஒன்று இருந்தால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம். அவருக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான். வண்டியைக் கழுவினார். சேற்றை வழித்தார். ஃபியூஸை எடுத்துவிட்டார், விளக்கு எரிந்தது. பேட்டரியைக் கழற்றி, அதற்குள்ளிருந்த குளத்துத் தண்ணீரை வாசலில் கொட்டினார், அப்போதும் எரிந்தது.

அவருடைய மனைவி ஞானப்பூ நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வாங்கிவிட்டு வருகிறேன் என்று மகன் போனதிலிருந்து அவள் அந்த நிலைப்படியில்தான் இருந்தாள்.

“எரியட்டும், விடுங்க ஸ்டான்லி அப்பா” என்றாள்.

“எரியக் கூடாது ஞானம். எங்கயோ எர்த் அடிக்குது.”

“அப்படின்னா?”

கரண்ட் போகிற கம்பி தோல் உரிந்து, இரும்பிலோ ஈரத்திலோ படக் கூடாத இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் அதற்கு எர்த் அடிக்கிறது என்று பேர், பட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் விளக்கு எரியும், அந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பிரித்துவிட்டால் அணைந்துவிடும் என்று அவர் சொன்னார்.

“எங்க படுது?”

“அதைத்தான் பாக்கணும்.”

ஞானப்பூ கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, அடுப்பில் உலை கொதித்துவிட்டது என்று சொல்வதுபோல, “அப்போ அங்கதான் அவன் இருக்கான்” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சோறு பொங்கியது.

மறுநாள் மாதா கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். உடல் கிடைக்காவிட்டாலும் ஒரு பூசை வைத்துவிடலாம், ஆத்துமாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஞானப்பூ அவரை வண்டிக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினாள். “லைட்டு எரியுது பாத்தீங்களா சாமி? இருக்கிற பிள்ளைக்கு யாராவது அடக்கப் பூசை வைப்பாவளா?” என்றாள். சாமியார் குனிந்து பார்த்தார், பேட்டரி இருக்க வேண்டிய வெற்றுப் பெட்டியையும் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வைத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேதமுத்து விளக்கிலிருந்து பின்னோக்கிப் போனார். மீட்டர் போர்டிலிருந்து ஹேண்டில், ஹேண்டிலிலிருந்து டேங்குக்கு அடியில், டேங்கிலிருந்து சீட்டுக்குக் கீழே என்று ஒயர்க்கட்டைப் பிரித்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதில், வெள்ளைக் கோடு போட்ட பழுப்புக் கம்பி ஒன்று, எந்தக் கம்பெனி வண்டியிலும் அவர் பார்த்திராதபடி, பின்சக்கரத்தை ஒட்டி இறங்கி, நடு ஸ்டாண்டின் காலோடு காலாக ஓடி, ஒர்க்‌ஷாப்பின் சிமெண்டுத் தரைக்குள் போயிருந்தது. வண்டி வந்து இறங்கி ரெண்டு நாள் ஆகவில்லை. கம்பியோ தரை போட்ட காலத்திலேயே உள்ளே கிடந்த மாதிரி இருந்தது. வேதமுத்து உளியும் சுத்தியலும் எடுத்துத் தரையை உடைத்தார். தரைக்குக் கீழே மண், மண்ணுக்குள் கம்பி, அதன்மேல் வேப்பமரத்து வேர் சுற்றி வளர்ந்திருந்தது. கம்பி தெருவைப் பார்த்துப் போனது. அவரும் தெருவைத் தோண்டிக்கொண்டு போனார்.

இப்படித்தான் முத்தன்விளையின் நடுத்தெருவில் அந்தக் குழி உண்டாயிற்று. முதலில் ஊர் ஏசியது. பிறகு பழகியது. ஆட்டுக்குட்டிகள் விழுந்தன, தூக்கிவிட்டார்கள். வெள்ளத்தில் பெயர்ந்து வந்த கதவுகளுக்கு வேறு உபயோகம் இல்லாததால் வீட்டுக்கு வீடு ஒரு கதவைக் குழிமேல் பாலமாகப் போட்டுக்கொண்டார்கள். கல்யாணப் பெண் ஒருத்தி, யாருடைய வீட்டுக் கதவோ அது, தாழ்ப்பாளில் கொலுசு மாட்டிவிடாமல் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அதன்மேல் நடந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். கம்பி யார் வீட்டுக்கு அடியில் போனதோ அவர்கள் அம்மியையும் ஆட்டுரலையும் நகர்த்திக் கொடுத்தார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, கம்பியில் கரண்டே இல்லை என்றும், ஆகையால் இது தங்கள் விஷயம் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். கரண்ட் இல்லாத கம்பியின் ஒரு முனையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அந்த வெள்ளம் குளத்தை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்து உப்பளத்து வழியாகக் கடலுக்குப் போனபோது, ஒரு கை விரல்களுக்கு மேலும் இரண்டு கைக்குள்ளுமாக ஆட்களைக் கூட்டிப்போயிருந்தது. சிலர் பிணமாகக் கிடைத்தார்கள், சிலர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் குழியோரம் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவள் இசக்கித்தாய். அவளுடைய மகள் டியூஷனிலிருந்து திரும்பி வருகிற வழியில் போனவள். இசக்கித்தாய் மகளுடைய தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து குழியோரம் இறக்கினாள். அதில் ஊசிக்கு மேலே சின்னதாக ஒரு பல்பு உண்டு.

“அண்ணாச்சி, இதையும் அந்தக் கம்பியில கொடுத்துப் பாருங்க.”

“இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லம்மா.”

“கொடுத்துத்தான் பாருங்களேன்.”

வேதமுத்து கம்பியின் தோலைப் பிளேடால் சீவி, செம்பைத் துலக்கி, மிஷினிலிருந்து வந்த ஒயரை அதில் முறுக்கிக் கட்டினார். பல்பு எரிந்தது. வெள்ளைப் பல்புதான், ஆனால் சிவப்பாக எரிந்தது. இசக்கித்தாய் அழவில்லை. மிஷின்மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, “சாயங்காலம் வயர் கொண்டு வாரேன், வீடு வரைக்கும் இழுத்துக் கொடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு ரேடியோ வந்தது, குழந்தையின் பொம்மைக் கார் வந்தது, கபடிக் குழுவில் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் வந்தது. எல்லாவற்றிலும் இருந்த சின்ன விளக்குகள் எரிந்தன. ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் சுகமா என்று கேட்பதை விட்டுவிட்டு “லைட்டு எப்படி?” என்று கேட்கிற வழக்கம் ஊருக்கு வந்தது. “நல்லா எரியுது” என்பது பதில். விளக்கு எரிகிற வீடுகளில் இல்லாதவர்களுக்கும் தட்டு வைத்தார்கள். துணி துவைத்து மடித்தார்கள். செத்த வீடு என்று யாரும் அங்கே துக்கம் கேட்கப் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் தலைவிரித்து அழவும் இல்லை.

தவசிக்கனி உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவருடைய மனைவி கிடைத்துவிட்டவர்களில் ஒருத்தி. வெள்ளம் வடிந்த அன்றே கிடைத்தாள், அன்றே அடக்கமும் ஆயிற்று. அவர் ஒருநாள் மத்தியானம் அவளுடைய மிக்ஸியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“தவசி, வேண்டாம்” என்றார் வேதமுத்து.

“ஒரு தடவை அண்ணாச்சி. எரியலன்னா போயிருதேன்.”

வேதமுத்து கட்டினார். அவிழ்த்துச் செம்பை இன்னும் நன்றாகத் துலக்கிவிட்டு மறுபடி கட்டினார். மிக்ஸியின் பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விளக்கு எரியவில்லை. தவசிக்கனி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக்ஸியைத் துண்டில் சுற்றி நிழலில் வைத்துவிட்டு, குழிக்குள் இறங்கி, வேதமுத்துவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார். அன்றையிலிருந்து தினமும் வந்தார். மற்ற எல்லோரையும்விட வேகமாக வெட்டினார், யாரோடும் பேசவில்லை. முத்தன்விளையில் கிடைத்தவர்களின் சொந்தங்கள் கிடைக்காதவர்களின் சொந்தங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட காலம் அது.

கம்பி பள்ளிக்கூடத்தைத் தாண்டியது, பஸ் நிற்கிற புளியமரத்தைத் தாண்டியது, குளத்தின் உடைந்த கரையைத் தொட்டுத் திரும்பி உப்பளத்தைப் பார்த்துப் போனது. வெள்ளம் போன தடம் அது என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞானப்பூ தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு குழி எதுவரை போயிருக்கிறதோ அதுவரை நடந்து வந்தாள். நடை நீள நீள அவளுடைய முகம் தெளிந்தது. “கிட்ட வந்துட்டோம், இல்லையா?” என்பாள். வேதமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே “ம்” என்பார்.

ஒருநாள், உப்பளத்து வரப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கறுத்த களிமண்ணுக்குள் கம்பி முடிந்தது.

மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குப் போயிருந்த நேரம். வேதமுத்து முழங்காலில் உட்கார்ந்து மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார். அறுந்த முனை, உரிந்த செம்பு, ஈரக்களி. செம்பு களியில் பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு ஆள் கிடக்கிற அளவுக்குத் தோண்டினார், அதைவிட ஆழமாகத் தோண்டினார். ஒரு செருப்பு இல்லை, ஒரு பட்டன் இல்லை, எலும்பு இல்லை. பால் பாக்கெட்கூட இல்லை. ஆயுசு முழுவதும் அவர் கோளாறுகளைத் தேடிப்போய்ச் சேர்ந்திருக்கிறார், சேர்ந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது, எலி கடித்த தடமாவது இருந்திருக்கிறது. இங்கே ஒன்றுமே இல்லை.

தூக்குவாளியோடு ஞானப்பூ வந்து குழியின் விளிம்பில் நின்றாள். அவர் மறைக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து காட்டினார்.

“இம்புட்டுதானா?” என்றாள்.

“இம்புட்டுதான்.”

“அவன் எங்க?”

வேதமுத்து அறுந்த முனையை விரலால் தொட்டுக் காட்டினார். ஞானப்பூ குழிக்குள் இறங்கி அந்த முனையைப் பக்கத்தில் பார்த்தாள்.

“இதை மண்ணுலருந்து எடுத்தா லைட்டு அணைஞ்சிருமா?”

“அணைஞ்சிரும்.”

“எல்லார் வீட்டுலயுமா?”

“எல்லார் வீட்டுலயும்.”

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சோறு ஆறிப்போயிற்று. வெயில் உப்பளத்தின்மேல் வெள்ளையாக நின்றது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவள் ரெண்டு கையாலும் களிமண்ணை அள்ளி, பச்சைப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல அந்த முனையின்மேல் வைத்து, தட்டிக் கெட்டிப்படுத்தினாள்.

“கம்பி இன்னும் போவுதுன்னு சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் காலையில் ஊர் மண்வெட்டியோடு வந்து நின்றது. வேதமுத்து கம்பி முடிந்த இடத்துக்கு அப்பால், கம்பியே இல்லாத உப்பளத்து மண்ணில் முதல் வெட்டைப் போட்டார். பின்னால் நின்றவர்கள் குழியைப் பார்த்தார்கள். தட்டிக் கெட்டிப்படுத்திய களிமண்ணில் ஒரு பெண்ணின் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் கம்பி இல்லை என்பதையும் பார்த்தார்கள். ஒருவரும் மண்வெட்டியைத் தூக்கவில்லை. அப்போது, அத்தனை நாளாகப் பேசாத தவசிக்கனி பேசினார்.

“கம்பி இன்னும் ஆழத்துல போவுது போல” என்றார். “கடலைப் பாத்துத்தான் போகும். வெட்டுங்க.”

வெட்டினார்கள். இல்லாத கம்பியைப் பின்தொடர்ந்து உப்புப் பாத்திகளை அறுத்துக்கொண்டு, உப்பளத்து முதலாளியே வந்து நின்று ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகும்படியாக, கடலைப் பார்த்து வெட்டினார்கள். தெருவில் “லைட்டு எப்படி?” என்று கேட்டார்கள், “நல்லா எரியுது” என்று சொன்னார்கள். முன்னைக்கு இப்போது ஆட்கள் கூடுதலாக வந்தார்கள். கம்பி இருந்தபோது அதன் முடிவு எப்போது வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. இப்போது அது இல்லை. அந்த நாட்களில்தான் வேதமுத்து நன்றாகத் தூங்கினார். அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

குழி கடலைத் தொட்ட அன்று கடல் ஒன்றும் செய்யவில்லை. பௌர்ணமிக்குக் கடல் ஏறியது. ஏறின தண்ணீர் தனக்காக வெட்டி வைத்த வழியைப் பார்த்தது. பட்டப்பகலில், அவசரமில்லாமல், நுரைகூட இல்லாமல், உப்பளத்தைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, போன தடத்தின் வழியாகவே ஊருக்குத் திரும்பி வந்து நடுத்தெருக் குழியில் கணுக்கால் அளவு நின்றது. மணல் மூட்டை அடுக்கி மறித்தார்கள். அடியில் ஊறிக்கொண்டு வந்தது. கதவுப் பாலங்களின்மேல் ஜனங்கள் நின்று, தங்கள் வாசலில் கடல் கிடப்பதைக் குனிந்து பார்த்தார்கள்.

உப்புக்காற்றில் வளர்ந்த ஊருக்குச் செம்பை உப்பு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வேதமுத்து தன் கையால் தோல் சீவி முறுக்கிக் கட்டிய இடங்களில்தான் செம்பு வெளியே தெரிந்தது. அந்த இடங்களில்தான் பச்சைக் களிம்பு பூத்தது. அவர் ஓடி ஓடிப் பார்த்தார். பூத்த இடத்தை நறுக்கி எறிந்துவிட்டு மறுபடி கட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒயர் ஒரு சாண் குறைந்தது. கடையில் புது ஒயர் வாங்கி ஒட்டுப்போட்டுப் பார்த்தார். ஏனோ புது ஒயரில் விளக்கு எரியவில்லை. ஒயர் எட்டாமல் போகவும் தையல் மிஷின் வீட்டுக்குள்ளிருந்து நடைக்கு வந்தது, நடையிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து தெருவுக்கு வந்து குழியின் விளிம்பில் நின்றது. ரேடியோவும் பொம்மைக் காரும் கடிகாரமும் அதேபோலக் குழியோரம் வந்து வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் பக்கத்து வீடுகளில் முதலில் அணைந்தது. பொம்மைக் கார் ஒரு காலையில் அணைந்தது. கடிகாரம் அணைந்தது. அணைந்த இடத்தில் அழுகை எழுந்தது. இத்தனை மாதம் உள்ளே கிடந்த அழுகை, பழசாகாமல், நேற்றுச் செத்தவர்களுக்கு அழுவதுபோல எழுந்தது. அணைந்த நாளே அவர்களுக்குச் செத்த நாள் ஆயிற்று.

இசக்கித்தாயின் மிஷின் மங்கியபோது அவள் வேதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு முடிச்சு போடுங்க அண்ணாச்சி, இன்னும் ஒரு முடிச்சு.”

“கட்டுறதுக்கு ஒயர் இல்லம்மா.”

“கம்பி முடிஞ்சு போச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “ஞானப்பூ மயினி கைத்தடத்தைப் பாத்தேன். தெரிஞ்சுதான் மண்ணு சுமந்தேன்.”

பல்பு அணைந்தது. அவள் அவர் கையை விட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்தாள்.

கடைசியாக மிஞ்சியது ஸ்டான்லியின் வண்டி. அதுவும் சாணுக்குச் சாண் நகர்ந்து ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்து, குழியின் விளிம்பில், முன்சக்கரம் தண்ணீரைப் பார்க்க நின்றது. மத்தியான வெயில் மீட்டர் போர்டின் கண்ணாடியில் அடித்ததில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஞானப்பூ வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் குவித்து அந்த இடத்தை வெயிலிலிருந்து மறைத்து, விரல்களுக்கு நடுவில் உண்டான சின்ன இருட்டுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

கூட்டம் கூடியிருந்தது. தங்கள் விளக்கு அணைந்துபோன பெண்கள் தலைவிரித்தபடியே வந்து வட்டமாக நின்றார்கள். தவசிக்கனி தள்ளி நின்றார். சாமியாரும் வந்திருந்தார், கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

“எரியுதா?” என்று வேதமுத்து கேட்டார்.

“எரியுது” என்றாள்.

அவர் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். குழிக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. கடல் வற்றிப் போகிற நேரம்.

“ஞானம், எரியுதா?”

“எரியுதுன்னு சொல்லுதேன்லா.”

அவள் கை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்து வண்டியின் நிழல் தெருவில் விழுந்தது. இனி வெயிலை மறைக்கக் கை தேவையில்லை என்கிற அளவுக்கு நிழல் நீண்டது, அப்போதும் எடுக்கவில்லை. அவர் மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவள் பக்கத்தில் மண்டியிட்டார். கிரீஸும் உப்பும் ஏறி வெடித்துக் கிடந்த தன் கைகளை அவள் கைகளின்மேல் வைத்தார். அவளுடைய கைகள் சில்லென்று இருந்தன. துருப்பிடித்த நட்டைக் கழற்றும்போது மரை தேய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வாரே, அந்தப் பொறுமையோடு அவளுடைய சுண்டுவிரலை முதலில் விலக்கினார். பிறகு அடுத்த விரலை. அவள் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. ஒவ்வொரு விரலாக விலக்கிக்கொண்டே வந்து, கடைசி விரலையும் அவர் விலக்கியபோது, சுற்றி நின்ற பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள்.